பட்டை உரித்த மாங்கிளை

முத்துப்பேச்சி லேசில் யாரையும் நம்பமாட்டாள். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். பாளையம்பட்டியில் மில் வேலைக்குப் போன காலத்தில் சாப்பாட்டுத் தூக்கைக்கூட யாரிடமும் கொடுத்து வைத்ததில்லை. காரணம் இல்லாமல் இல்லை. அவளுக்கென்று அப்பா சொல்லி வைத்திருந்த காட்டு நிலத்தை, கல்யாணமான வருஷமே கூடப்பிறந்த அண்ணன் சத்தமில்லாமல் விற்றுவிட்டான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதனால் திருச்சுழிப் பக்கம் செம்மண் நிலமாகச் செவக்காடு ஒன்றை வாங்கியபோது, தன் பேரில்தான் பதிய வேண்டுமென்று கணவன் ராஜபாண்டியிடம் பிடிவாதமாக நின்றாள். மாங்கன்றுகளை நட்டு, மழை பொய்த்த கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். கன்றுகள் வளர்ந்து கிளை விரித்தன. இலைதான் கருகருவென்று மண்டியது, பூவைக் காணோம்.

ராஜபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவன். "தண்ணியக் குடிச்சுட்டுச் சும்மா நிக்குதுக. பேசாம சோலார்காரனுக்குக் காட்டைக் குடுத்துருவோம்" என்றான் ஒருநாள்.

"எம் மரத்துல எவனும் கை வைக்கக்கூடாது."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

புரட்டாசியில் ஒரு காலை காட்டுக்குப் போனவள் திடுக்கிட்டு நின்றாள். மரத்துக்கு மரம் ஒன்றிரண்டு கிளைகளில், விரலகலத்துக்குச் சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்டு உள்கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சுப்பம்மாள் ஓடி வந்தாள்.

"சுத்தி உரிச்சா பட்டுப்போகும்ல! மரம் யாருக்கு இடைஞ்சலோ அவுக பாத்த வேலைதான்."

முத்துப்பேச்சிக்குச் சட்டென்று ராஜபாண்டியின் சோலார் பேச்சு நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய் வண்டியின் சீட்டுக்கடியில் துழாவினாள். கத்தி ஒன்று அகப்பட்டது. அதில் காய்ந்திருந்த மரப்பாலில் மாங்காய் வாசனை அடித்தது. மறுபடி காட்டுக்குப் போய்ச் செம்மண்ணையும் சாணியையும் குழைத்துக் காயங்களில் அப்பி, பழஞ்சேலையைக் கிழித்துக் கட்டினாள். உச்சிக் கிளைகளுக்கு மட்டும் அவள் கை எட்டவில்லை.

ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். "கத்தியில என்னங்க பாலு?"

அவன் மறைக்கவில்லை. "நத்தம் பக்கம் லோடு எறக்கப் போனப்ப ஒரு தோப்புல பாத்தேன். கெளையில மட்டும் பட்டையை எடுத்துவிட்டா, இலையில உண்டாகுற சத்து கீழ எறங்காம அங்கனயே நிக்குமாம். சீக்கிரம் பூக்குமாம். தண்டுல நான் கை வைக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியாக்கும்?"

அண்ணனும் இப்படித்தான் தன்மையாகப் பேசுவான். அவள் நம்பவில்லை. அவனுக்கு போன் வந்தால் கதவோரம் நின்று கேட்டாள். லோடு எங்கே போகிறது, கூட யார் வருகிறார்கள் என்று துருவினாள். கட்டுப் போட்டதைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை. மரம் எப்போது வாடும் என்று பார்த்தே மாதங்கள் போயின.

ஒரு மரமும் வாடவில்லை. கட்டுப் போட்ட கிளைகளில் காயம் சீக்கிரமே மூடிச் சத்து பழையபடி கீழே இறங்க, கொழுந்து இலைகள்தான் விட்டன. தை பிறந்தபோது, அவள் கை எட்டாத உச்சிக் கிளைகள் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றன.

லோடு அலைச்சலில் அதுவரை காட்டுப் பக்கமே வராதிருந்த ராஜபாண்டி, சேதி கேட்டு வந்து சேலைக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தான்.

"இது யாரு வேலை?"

"நான்தான். நீங்க மரத்தைக் கொல்லப் பாக்கீகன்னு நெனச்சேன்."

அவன் சேலைத்துணியை விட்டுக் கையை எடுத்தான். பிறகு, "உங்க அண்ணனையும் என்னையும் ஒண்ணா நெனச்சுட்டியே" என்றான். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்கே கட்டுகளை எல்லாம் அவளே அவிழ்த்துப்போட்டாள்.

பூவில் பாதி காற்றில் உதிர்ந்தது. மிச்சம் காயாகி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கிற அளவுக்குப் பழுத்தது.

அடுத்த புரட்டாசியில் அவளே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எந்தக் கிளை என்று அவள்தான் காட்டினாள். பட்டையையும் அவளே உரித்தாள். கீழே ராஜபாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்துத்தான் இருக்கிறானா என்று அவள் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டாள்.