பொட்டு வைத்த மதர்போர்டு

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புடவையைப் பிரித்துக் காட்டுவது, வேண்டாம் என்று வாடிக்கையாளர் ஒதுக்கியதை மறுபடி மடித்து வைப்பது, இதுதான் என் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. அதனால் கம்ப்யூட்டரைப் பற்றி இவர் என்ன எழுதிவிடப் போகிறார் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளே. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அதற்குள்ளே இருக்கும் ஒரு பலகையோடு ஒரு முழு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த நாளைச் சொல்கிறேன்.

என் மகள் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா வீட்டை இடிக்காமல் அப்படியே குழந்தைகள் நூலகமாக மாற்றுவது எப்படி என்று ஆறு மாதமாக வரைந்து வந்தாள். வரைவது என்றால் தாளில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் அந்த வீட்டையே கட்டி வைத்திருந்தாள். சாயங்கால வெயில் எந்த ஜன்னல் வழியாக எந்த அலமாரிமேல் விழும் என்பது வரை அதில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை காலை அதை முடித்துக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்குவார்கள், இவள் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் செத்துப்போனது.

தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசைக் காலி செய்தபோது வாங்கி வந்த பழைய பெட்டி அது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதனால் மகள் வரைந்தது எதுவும் போகவில்லை, மதர்போர்டுதான் போய்விட்டது என்றார். வேறு யாருடைய கம்ப்யூட்டரிலாவது வேலையை முடித்துவிட முடியாதா என்று கேட்டேன். தோழிகள் எல்லோரும் அவரவர் வேலையை முடிக்க அவரவர் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த வாரம் யாரும் யாருக்கும் தர மாட்டார்கள் என்றாள் மகள். அதுவும் நியாயம்தான்.

மதர்போர்டு என்றால் என்ன என்று நான் அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒரு பலகை தெரியும். கணக்குப் போடுகிற ப்ராசஸர், செய்துகொண்டிருக்கும் வேலையைக் கையில் பிடித்துக்கொள்கிற ராம், செய்து முடித்ததைச் சேர்த்து வைக்கிற டிஸ்க், படம் காட்டும் கார்டு, எல்லாம் இதில்தான் வந்து சேர வேண்டும். பனகல் பார்க்கில் எல்லாத் தெருவும் வந்து கூடுகிற மாதிரி. அங்கே அடைத்துவிட்டால் நகரம் முழுக்க நிற்கும் இல்லையா, அதே கதைதான் இதிலும்.

திங்கட்கிழமை கடையில் அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு மகளோடு, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அவள் ஒரு சீட்டில் என்னென்ன வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். புதுப் போர்டு, அதற்குப் பொருந்துகிற ப்ராசஸர், ஒரு ராம். நாங்கள் நுழைந்த கடை ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். கடைக்காரர் இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. மகள் பின்பக்கத் துளைகளை எண்ணினாள், கார்டு செருகும் இடங்களைப் பார்த்தாள், சூயிங்கம் பட்டை அளவில் புதுசாக வருகிற டிஸ்க்கைப் படுக்க வைக்கும் இடம் எத்தனை என்று கேட்டாள். புடவைக் கரையில் ஜரிகை பார்க்கிற அம்மாக்களைப் போல அவள் பார்ப்பதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சாதாரணப் போர்டே போதும் என்றாள்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, மற்றதன் மூலையைக் காட்டினார்.

“அண்ணா, இதுல நாலு லைட்டு கீது பாருங்க. ஆன் பண்ணா ஒவ்வொண்ணா எரிஞ்சி எரிஞ்சி அணையும். எது அணையாம நின்னுக்கினு கீதோ அங்கதான் கோளாறு. எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லிடும்.”

எனக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. மிக்சி சொல்லாது, கிரைண்டர் சொல்லாது. இதுவே இருக்கட்டும் என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றாள். பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் எல்லாவற்றையும் பொருத்தித் தருவேன், புதன்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். எங்களிடம் அத்தனை நாள் கிடையாது. வீட்டிலேயே பொருத்திக்கொள்கிறோம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்றைக்கே பொருத்துவது என்று முடிவு செய்தோம். என் மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. செவ்வாய்க்கிழமை போய்ப் புதுசாக எதையும் ஆரம்பிப்பார்களா என்றாள். வேறு நாளுக்கு எங்கே போவது என்றேன். அப்படியானால் ஒரு பொட்டாவது வைத்துவிட்டு ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொட மாட்டோம். கேஸ் அடுப்புக்கு வைத்தோம், வண்டிக்கு வைத்தோம், மகளின் முதல் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் வைத்தோம். அன்று காலை மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். போர்டு வெள்ளிநிற உறைக்குள் இருந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து வெளியே எடுத்தேன். மேல் மூலையில் கம்பி எதுவும் இல்லாமல் கொஞ்சம் வெறுமையாக ஓர் இடம் தெரிந்தது. அங்கே ஒரு பொட்டு வைத்தேன். அவசரத்தில் தண்ணீர் கூடிவிட்டது போல. பொட்டு நிற்கவில்லை. கோடு போட்டுக்கொண்டு கீழே இறங்கி, சின்னச் சின்ன ஊசிகள் நட்டிருந்த இடத்துக்குள் போய்விட்டது.

பதறிப்போய்க் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். மேலே தெரிந்தது போயிற்று. உள்ளே போனது போயிற்றா என்று தெரியவில்லை. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் போர்டை உறைக்குள் வைத்துவிட்டேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் கூடத்தில் பழைய போர்வையை விரித்து வேலையை ஆரம்பித்தாள். ப்ராசஸரை அவளே வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தாள், நானும் அடக்கிக்கொண்டேன். போர்டைப் பெட்டிக்குள் இறக்கித் திருகாணி போட்டோம். பழைய டிஸ்க்கையும் கார்டையும் மாட்டினோம். மின்சார வயர்களைச் செருகிக்கொண்டே, ராமை மட்டும் நீங்கள் அழுத்துங்கள், அதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும் என்று என்னிடம் கொடுத்தாள்.

ராம் என்பது நம் ஓரடி ஸ்கேலில் பாதி நீளம் இருக்கும் பச்சைப் பட்டை. நீளமான ஒரு பள்ளத்தில் அதை நிறுத்தி மேலிருந்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். அது கொஞ்சம் உள்ளே போய் நின்றது. நேராகத்தான் நிற்கிறது என்று பட்டது. உட்கார்ந்துவிட்டது என்றேன்.

மகள் ஸ்விட்சைப் போட்டாள். காற்றாடிகள் சுற்றின. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு வந்தது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்தோம், இரண்டு நிமிடம் பார்த்தோம். கறுப்பாகவே இருந்தது.

பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். நான்கு விளக்குகளில் ஒன்று மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்த இடம், நான் காலையில் பொட்டு வைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி. எங்கே வலிக்கிறது என்று சொல்லும் என்றாரே கடைக்காரர், சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கையேட்டைப் புரட்டினாள். அந்த விளக்கு ராமுக்கானது என்று கண்டுபிடித்தாள். நன்றாக அழுத்தினீர்களா என்று கேட்டாள். அழுத்தினேன் என்றேன். அப்படியானால் போர்டே பழுதாக இருக்கும், கொண்டுபோய் மாற்ற வேண்டும், அவர்கள் மாற்றித் தர எத்தனை நாள் ஆகுமோ என்றாள். போர்வையின் நூலைப் பிடித்துத் திரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் மார்க் குறைந்து வந்தாலும் அப்படித்தான் உட்காருவாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“பாப்பா, காலையில நான் பொட்டு வச்சேன்.”

“எதுக்கு?”

“போர்டுக்கு.”

“பெட்டிக்குத்தானே?”

“பெட்டிக்கு இல்லம்மா. போர்டுக்கே.”

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற மனைவி, “நான் பெட்டிக்குத்தான வைக்கச் சொன்னேன்? பலகைக்கு யாராவது வைப்பாங்களா?” என்றாள்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஈரமாவா வச்சீங்க?”

தலையை ஆட்டினேன். தண்ணீர் கூடியது, வழிந்தது, கைக்குட்டையால் ஒற்றியது, மறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினாள். போன் வெளிச்சத்தைப் போட்டுப் போர்டின் மூலையைப் பார்த்தாள். ஊசிகளின் நடுவில் சந்தனம் காய்ந்து பொடியாக ஒட்டியிருந்தது. அவளுடைய வாட்டர்கலர் பிரஷ்ஷில் மிக மெல்லியதாக ஒன்றை எடுத்து, ஊசி ஊசியாகத் தட்டிவிட்டாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடமும் நான் வெளிச்சம் பிடித்தேன்.

மறுபடி போட்டோம். காற்றாடி சுற்றியது. அதே மஞ்சள் விளக்கு. திரை கறுப்பு.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று கடைக்காரருக்குப் போன் செய்தாள். மஞ்சள் விளக்கைச் சொன்னாள். சந்தனத்தையும் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. ராமை யார் மாட்டியது என்று கேட்டிருக்கிறார். மகள் போனை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணா, நீங்க இன்னா வேல பாக்குறீங்க?”

துணிக்கடையில் பட்டுப் பிரிவு என்றேன்.

“அதான பாத்தேன். பட்டுப் பொடவய அடுக்குற மாரி வச்சிருப்பீங்க. மழ பெய்யசொல்ல பஸ்ல ஷட்டர எப்டி அடிச்சி எறக்குவீங்க? அந்த மாரி அமுக்குங்க. டக்குனு ஒரு சவுண்டு வரணும். ஆஃப் பண்ணிட்டு அமுக்குங்கண்ணா.”

இருபத்திரண்டு வருடமாக என் கைக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பட்டின்மேல் கை பட்ட தடம் தெரியக்கூடாது. அந்தக் கையோடுதான் ராமையும் தொட்டிருக்கிறேன். உற்றுப் பார்த்தபோது தெரிந்தது, ஒரு முனை இறங்கியிருக்கிறது, மறுமுனை நூல் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மின்சாரத்தை அணைத்தோம். இரண்டு கட்டை விரல்களையும் பட்டையின் இரண்டு முனைகளில் வைத்தேன். உடைந்துவிடுமோ என்று கை தயங்கியது. “அழுத்துங்கப்பா, ஒண்ணும் ஆகாது” என்றாள் மகள். முட்டி போட்டு, தோளிலிருந்து பலம் கொடுத்து அழுத்தினேன். போர்டு லேசாக வளைந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

டக்.

மகள் ஸ்விட்சைப் போட்டாள். முதல் விளக்கு எரிந்து அணைந்தது. மஞ்சள் எரிந்தது. கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தது. முதல்முறை அது ராமோடு பழக அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு அதுவும் அணைந்தது. மூன்றாவது எரிந்து அணைந்தது. நான்காவதும் அணைந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

பழைய டிஸ்க், புதுப் பலகையைப் பார்த்து எதையெதையோ தயார் செய்துகொள்கிறேன் என்று எழுதிக் காட்டியது. பத்து நிமிடம் கழித்து மகள் தன் கோப்பைத் திறந்தாள். கோபாலபுரத்து வீடு அப்படியே இருந்தது. ஜன்னல் இருந்தது, அலமாரி இருந்தது, அலமாரிமேல் வெயில் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நேரம் முட்டி போட்டிருந்ததே அப்போதுதான் வலித்தது. மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை என்று முதலிலேயே சொன்னேனா இல்லையா என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

“ஏம்பா அப்பவே சொல்லல?” என்று மகள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

உன் ஒரு வருடத்தை நான் ஒரு பொட்டில் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன், அதை எப்படிச் சொல்வது என்றேன். அவள் கிண்ணத்தில் மீதம் இருந்த சந்தனத்தைத் தொட்டாள். பெட்டியின் தகட்டை மூடி, வெளியே, நடுவில், நல்ல கெட்டியாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மகள் கல்லூரியில் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று என் துணிக்கடைக்குப் போன் செய்தாள். அப்போது ஓர் அம்மா கேட்டதற்காக அரக்குச் சிவப்பில் ஏழாவது புடவையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஏழும் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். எனக்கு அன்று அது அலுப்பாகவே தோன்றவில்லை. ஏழையும் நிதானமாக மடித்து வைத்தேன்.