அந்த வீட்டு வாசலில் என் சைக்கிள்

தடுப்பூசி போட வருகிறவரை "வாங்க" என்று கூப்பிடுவார்கள். மனநலப் பணியாளர் வந்தால், தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் எட்டிப் பார்ப்பார்கள். வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊழியராக ஆரணியில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

ரேஷன் கார்டு

என் சைக்கிள் நின்ற வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதனால் தெருமுனை டீக்கடையிலேயே அதை நிறுத்திவிட்டு நடப்பேன். ஒரு பட்டு வியாபாரி வீட்டில் இளைய மருமகள், பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களில் அவள் தேறி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கே வந்தாள். ஆனால் முதல் நாள், எனக்குச் சொல்லி அனுப்பிய மாமியாரே என்னை வாசலில் நிறுத்தி, எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்: "இன்னாம்மா, ரேஷன் கார்டுல பேர் சேக்க வந்தியா? ஜல்தியா உள்ள வா!"

குரல்

குமரேசன் கைத்தறி நெசவாளி. யாரோ காதுக்குள் திட்டுவதாகச் சொல்லிப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டவர். அவர் மனைவி மந்திரித்த கயிறெல்லாம் கட்டிப் பார்த்து ஓய்ந்துபோய், என்னோடு அவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றினார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது, ஒருநாள் அவரே தறிக்குழியிலும் இறங்கினார்.

நான் போனபோது ஒரு சேலையில் பாதி நெய்திருந்தார். குரல் நின்றுவிட்டதா என்று ஆசையாகக் கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னார்: "எங்க நிக்குது? அது பாட்டுக்குப் பேசிகினு இருக்குது. நான் பாட்டுக்கு நெய்துகினு இருக்கேன்."

மாட்டுக்கொட்டகை

வந்தவாசி சாலையில் ஒரு கிராமம். கூலி வேலைக்குப் போகிற ஏழுமலை, தன் தங்கை சம்பூர்ணத்தை மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார். கொடுமைக்காரர் இல்லை. கிணற்றில் குதித்தவளைத் தானும் குதித்துத் தூக்கியவர். "அவுத்து வுட்டா மறுபடி குதிச்சிடுவாம்மா" என்று அழுவார். மருந்து, சட்டம் என்று நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பேச்சு தீர்ந்துபோய், குமரேசனைக் கூட்டிப் போனேன். சாணித் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். "எனக்கு ஒரு ஆம்பள குரல் கேக்கும். செத்துப்போடான்னு சொல்லும். உனக்கு இன்னா சொல்லுது?" என்றார், ஊர் விசாரிக்கிற மாதிரி.

வருஷக்கணக்காக வாய் திறக்காத அவள் நிமிர்ந்தாள். "எனக்குப் பொம்பள குரல்" என்றாள். ஏழுமலை இடுப்பில் சாவியைத் தேடி எடுத்தார். துருப்பிடித்த பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. குமரேசன் வாங்கித் திறந்துவிட, அண்ணன் அங்கேயே குந்திவிட்டார்: "இவளுக்குப் பேச்சு வரும்ங்கிறதே மறந்து போச்சிங்க."

திருமலைப் பாறை

சம்பூர்ணமும் மருந்தில் தேறி, எங்கள் வாரக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தாள். நோயில் விழுந்து எழுந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற கூட்டம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு குமரேசனுக்கு மாத்திரையால் கை நடுங்கத் தொடங்கியது. பட்டு இழை அறுந்துகொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஆளையே காணோம்.

ஆரணிக்குப் பக்கத்துத் திருமலைக் குன்றில், சமணர் கோயிலுக்கு மேலே, பாறை விளிம்பில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. மனைவி, நான், ஊர்க்காரர்கள், யார் கிட்டே போனாலும் விளிம்பை நோக்கி நகர்ந்தார். சம்பூர்ணம் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியே ஏறிப் போனாள். வெயில் சாயும்வரை இருவரும் பாறையில் இருந்தார்கள். பிறகு அவர் எழுந்து அவள் பின்னாலேயே இறங்கி வந்தார். டாக்டர் மாத்திரையை மாற்றினார். நடுக்கம் குறைந்து மறுபடி தறிக்கும் போனார்.

அப்படி என்னதான் சொன்னாய் என்று சம்பூர்ணத்தைக் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலக்கா. பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன். அவருக்கே பசி எடுத்துச்சி."

பேசுவதற்குப் பயிற்சி எடுத்து, பேசுவதற்கே சம்பளம் வாங்கிய என் உத்தியோகத்தில், நான் பார்த்து மலைத்ததெல்லாம் என் வாய் மூடியிருந்தபோது நடந்தவைதான்.