தொட்டால் தெரியும் சட்டை

மசூதுக்கு வீடு கடையநல்லூரில், தையல்கடை தென்காசியில். சடுகுடு அவர் ஆடியதில்லை. நெஞ்சளவு இருபத்தொன்பது அங்குலம். ஆட வா என்று யாரும் அழைத்ததும் இல்லை. ஆனால் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். விசிலும் அவரிடம்தான் இருந்தது. இருபத்தெட்டு வயதில் அம்பயர் ஆனார்.

ஐந்து வருடம் யாரும் ஒரு குறை சொல்லவில்லை. பாடிப் போகிறவன் நடுவில் மூச்சு வாங்கினால் பத்தடி தூரத்திலிருந்தே அவருக்குக் கேட்டுவிடும். அதனால் கண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

1956இல் குற்றாலம் சீசன் பந்தயத்தின் இறுதி ஆட்டம் மேலகரத்துக்கும் கடையநல்லூருக்கும் நடந்தது. இரண்டு பக்கமும் சம புள்ளி. கடைசியாகப் பாடிப் போனவன் மேலகரத்துச் சுடலைமாடன். கோட்டைத் தாண்டினான், ஒரு சுற்றுச் சுற்றினான், பிடிபடாமல் திரும்பி வந்தான். கடையநல்லூர் காஜாவின் முதுகைத் தொட்டுவிட்டதாகக் கையைத் தூக்கினான். காஜா இல்லை என்று தலையாட்டினான். மசூது "தொடல" என்று சொல்லி விசிலை ஊதினார். கடைசிப் பாட்டில் தொடாமல் திரும்பினால் புள்ளி எதிரணிக்கு என்பது அங்கே விதி. கப்பு கடையநல்லூருக்குப் போனது.

இதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. காஜா, மசூதின் மனைவி ஜைனப்புடைய தம்பி. இது எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து வேறொருவன் குறுக்கே வந்துவிட்டதால் மசூது எதையும் பார்க்கவில்லை. இது மசூதுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் சுடலைமாடன் கடைக்கு வந்தான். அவனுடைய சட்டை ஒன்று தையலில் இருந்தது.

"பாய், என் சட்டையக் குடும்."

"இன்னும் ஒரு கை வைக்கணும்லா."

"வச்ச கை போதும். மிச்சத்த, தொட்டாத் தொட்டான்னு சொல்லுத ஆளுட்ட தச்சுக்கிடுதேன்."

சொன்னபடியே செய்தான். இன்னொரு தையல்காரர் வைத்த கை ஒரு அங்குலம் நீளமாக இருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாரம் இரண்டு முறை மசூதின் கடை முன்னால் நடந்து போனான். மேலகரத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு துணியும் வரவில்லை. சீசன் பந்தயத்தை நடத்துகிற குத்தாலிங்கம், குற்றாலத்தில் அறைகள் வாடகைக்கு விடுகிறவர், அடுத்த வருடம் இறுதி ஆட்டத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து அம்பயரை வரவழைத்தார். மசூதுக்குப் பள்ளிக்கூடப் பையன்களின் ஆட்டத்தைக் கொடுத்தார்.

துணி வராததை மசூது பொறுத்துக்கொண்டார். இறுதி ஆட்டத்தில் இன்னொருவன் விசில் ஊதுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வொரு பாட்டுக்கும் தன் தீர்ப்பைத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காஜா சாப்பிட வந்திருந்தபோது கேட்டார்.

"உண்மையச் சொல்லு. அவன் தொட்டானா?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்கிய. விசில் ஊதுனது நீங்க."

"முதுகு ஒன்னோடதுல்லா."

"ஆட்டத்துல முதுகுல என்னெல்லாமோ படும். நீங்க தொடலன்னு சொன்னிய. அதுக்கப்புறம் நான் அதப்பத்தி யோசிக்கவே இல்ல."

அடுக்களையிலிருந்து ஜைனப் சொன்னாள்: "ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. சுடலைமாடன்ட்ட கேளுங்க."

"அவன் தொட்டேன்னுதான் சொல்லுவான்."

"அப்பம் தெரிஞ்ச ஆளு ஒருத்தனாவது இருக்கான்."

மனிதன் பார்க்கத் தவறியதைத் துணி பார்த்து வைக்கட்டும் என்று மசூது முடிவு செய்தார். தொட்டால் தெரிகிற ஓர் உடுப்பைத் தைத்துவிட்டால் மச்சினன் என்றும் ஊர்க்காரன் என்றும் பேச்சே எழாது. இறுதி ஆட்டம் தானாகத் தன்னிடம் திரும்பி வரும்.

முதலில் தைத்தது கருப்புத் துணியில் கையில்லாச் சட்டை. பாடிப் போகிறவன் இரண்டு உள்ளங்கையிலும் சாக்குக்கட்டிப் பொடியைப் பூசிக்கொண்டு போக வேண்டும். தொட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். சோதனை ஆட்டத்தில் பத்தாவது நிமிடத்தில் பதினான்கு பேரும் மண்ணில் புரண்டு எழுந்திருந்தார்கள். அந்த மைதானத்து மண் சாம்பல் நிறம். "எல்லாரையும் பூமாதேவி தொட்டிருக்கா. எல்லாரும் அவுட்டு" என்று ஒருவன் கத்தினான். மசூது சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டாவது யோசனைக்கு மூன்று வருடம் ஆனது. அளவு பார்ப்பதற்காகத் தையல்காரர்கள் கையால் நீள நீளமாக ஒரு தையல் போட்டு வைப்பார்கள். மிஷினில் அடித்தபின் அதை உருவிவிடுவார்கள். இழுத்தால் வந்துவிடும். சட்டையிலும் கால்சட்டையிலும் சுற்றிலும் நான்கு விரல் அகல வெள்ளைத் துண்டுகளை அந்தத் தையலில் நிறுத்தினார். தொடுகிறவன் கையோடு துண்டு வர வேண்டும். வந்தால் தொட்டான், வராவிட்டால் தொடவில்லை.

மேலகரத்துக்காரர்கள் தங்கள் ஊரில் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். ஆனால் அது நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் முந்தின ஞாயிறு. கடையில் துணி கழுத்து மட்டும் குவிந்திருந்தது. சடுகுடு கால்சட்டைகளை மசூது கடைசியில்தான் கையில் எடுத்தார். எல்லாவற்றுக்கும் நீளத் தையல் போட்டு வைத்தார். மிஷினில் அடிக்கும்போது மூன்றை விட்டுவிட்டார்.

சுடலைமாடன் பாடிப் போனான். எதிரணிக்குள் நாலடி போனதும் கால்சட்டையின் வலப்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை திறந்துகொண்டது. வலக்கையால் பிடித்தான். இடப்பக்கமும் திறந்தது. இடக்கையால் பிடித்தான். பாட்டை மட்டும் விடவில்லை. "சடுகுடு சடுகுடு" என்று சொல்லிக்கொண்டே, கல்யாண வீட்டில் எச்சிலையைத் தாண்டி வருகிறவன் மாதிரி மெல்ல நடந்து கோட்டுக்குத் திரும்பினான். அவனைப் பிடித்திருக்கலாம். பிடிக்க வேண்டியவர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரையும் தொடல" என்றார் மசூது. இரண்டு கையும் எங்கே இருந்தன என்பதை ஊரே பார்த்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக அவர் ஒரு தீர்ப்புச் சொன்னதில்லை.

சுடலைமாடன் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். "மூணு கால்சட்ட பிரிஞ்சிருக்கு. மூணும் எங்க ஆளுகளுது. எப்படி வே?"

மசூது கடையநல்லூர் அணியின் கால்சட்டைகளை முதலில் அடித்து முடித்திருந்தார். காரணம், அந்தக் கட்டு மேலே இருந்தது.

பிறகு நான்கு வருடம் அவர் சடுகுடு பக்கம் போகவில்லை. 1965 மாசியில் ஒருநாள் ஜைனப் தன் வெள்ளைத் துப்பட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் முன் நின்றாள். துப்பட்டி ரோஸ் நிறத்தில் இருந்தது.

"ஒங்க சேக்காளி கபீரு நெய்த கைலி. கூடச் சேத்து நனைச்சது என் தப்பு."

மசூது துப்பட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கைலியின் மடிப்பு பட்ட இடம் கோடு கோடாகச் சிவப்பாக இருந்தது. சாப்பிடாமல் எழுந்து, அதையும் எடுத்துக்கொண்டு அகமது கபீரின் தறிக்குப் போனார்.

"இதே சாயத்துல துணி வேணும். இன்னும் நல்லாப் போகணும்."

கபீர் தறியை நிறுத்தினார். "ஏசிட்டுப் போக வந்தீரா?"

"இல்ல. தொட்டா ஒட்டுத மாதிரி வேணும்."

"முப்பது வருசமா சாயம் போகக் கூடாதுன்னு பாடுபடுதேன். நீரு போகணும்ங்கீரு." மூலையில் கிடந்த துணி அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு வேணும்?"

"நாலு முழம்."

"நாப்பது முழம் கெடக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரும்."

பாடிப் போகிறவனின் இரண்டு உள்ளங்கையிலும் அந்தச் சிவப்புத் துணியைக் கட்டினார். மற்றவர்களுக்கு வெள்ளைச் சட்டை. ஈரத்துக்குத் தண்ணீர் வேண்டாம், வேர்வை போதும். பங்குனி வெயிலில் தென்காசியில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். தொட்ட இடத்தில் நான்கு விரலும் தனித்தனியாகப் பதிந்தன. மசூது போய் அந்த அடையாளத்தைச் சுற்றி நீலச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, எத்தனையாவது பாட்டு என்று எண் எழுதிவிட்டு வந்தார். பழைய அடையாளம் எது, புதியது எது என்று குழப்பமே வரவில்லை. நான்கு சண்டைகள் தொடங்கின. நான்கும் சட்டையைத் திருப்பிக் காட்டியதும் அடங்கின. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். "சண்டையில்லாம என்ன மயித்துக்கு ஆட்டம்" என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னார்.

குத்தாலிங்கம் கடைசி வரை இருந்தார். "இந்த சீசன் பைனலுக்கு நீரே ஊதும் பாய்."

"மேலகரம் சம்மதிக்குமா?"

"கேட்டுட்டேன். பாக்கப்போறது துணிதான, அவரு இல்லைல்லான்னு சொல்லிட்டாங்க."

மசூது இதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் ஆடி மாதம் சாரல் விழும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் சாரலை மழை என்று யாரும் சொல்வதில்லை. அதற்குக் குடை பிடிப்பது வெளியூர்க்காரன் செய்கிற காரியம். அதற்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். ஆகையால் இறுதி ஆட்டத்துக்கு நாள் குறித்த குத்தாலிங்கமோ, இருபது சட்டை தைத்த மசூதோ, இரண்டு அணிக்காரர்களோ தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை.

சாரல் காலையிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. மேலகரம் முதலில் பாடிப் போனது. தொட்ட அடையாளம் நன்றாகவே பதிந்தது. மசூது வட்டம் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது வட்டத்தைத் தாண்டி இடுப்புக்கு இறங்கியது. சாக்குக்கட்டியும் கூடவே இறங்கியது. பாதி ஆட்டத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும் மிச்சமில்லை. பாடிப் போகிறவன் யாரையும் தொடாமல் திரும்பினாலும் ஏழு பேரும் சிவந்து நின்றார்கள். அடையாளம் பார்க்கத் தொட்டுத் தொட்டு மசூதின் கையும் சிவந்துவிட்டது. அந்தக் கையால் மற்றவர்களின் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

எப்படியோ சமாளித்துக் கடைசிப் பாட்டுக்கு வந்தார்கள். மறுபடியும் சம புள்ளி. மறுபடியும் சுடலைமாடன். காஜாவுக்கு இதற்குள் சிறிய தொந்தி விழுந்திருந்தது. ஆனாலும் ஆட்டத்தில் இருந்தான். சுடலைமாடன் உள்ளே போனான், காஜாவின் பின்பக்கமாகச் சுற்றினான், கோட்டுக்கு வந்து கையைத் தூக்கினான்.

"தொட்டுட்டேன்."

"தொடல" என்றான் காஜா.

மசூது காஜாவைத் திருப்பி நிறுத்தினார். முதுகில் பதினொரு கை இருந்தது. அதில் இரண்டு மசூதுடையது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். சுடலைமாடன் உள்ளே போன நேரத்தில் மசூது காஜாவின் சட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக்கு நடுவில் புதிய சிவப்பு எங்கே வருகிறது என்று தேடினார். கையைப் பார்க்கவே இல்லை.

"நான் பாக்கல" என்றார்.

குத்தாலிங்கம் ஓடி வந்தார். "பாக்கலன்னா என்ன அர்த்தம்? அம்பயருக்கு அப்படி ஒரு தீர்ப்பு உண்டா?"

"புத்தகத்துல இல்ல. ஆனா நடந்தது அதுதான்."

சுடலைமாடன் பக்கத்தில் வந்தான். "பாய், அன்னைக்கு?"

"அன்னைக்கும் பாக்கல."

சுடலைமாடன் தன் ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். "ஏலே, ஒம்பது வருசமா இவரக் கள்ளன்னுல்லாலே ஏசிக்கிட்டுக் கெடந்தோம். கண்ணுதான் தெரியலையாம்."

"கள்ளன்னாலும் ஒரு கணக்கு உண்டும்" என்றார் மேலகரத்துப் பெரியவர் ஒருவர். "எந்தப் பக்கம் சாய்வான்னு முன்கூட்டியே தெரியும். பாக்காமலே விசில் ஊதுதவன வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

கள்ளத்தனம் இல்லை என்றானதில் தங்களுக்கு நல்லது நடந்துவிட்டதாகக் கடையநல்லூர்க்காரர்கள் முதலில் நினைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக யோசித்தார்கள்.

"அப்பம் அந்தக் கப்பு?" என்றான் காஜா. "அன்னைக்கு ஜெயிச்சது செல்லுமா, செல்லாதா? ஒம்பது வருசமா என் பொண்டாட்டிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன் மச்சான். இப்பம் வந்து பாக்கலங்கிய."

அன்று கப்பை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. ஆறு மாதம் மேலகரம், ஆறு மாதம் கடையநல்லூர் என்று குத்தாலிங்கம் தீர்த்து வைத்தார். முதல் ஆறு மாதம் யாருக்கு என்பதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது. மசூது பஸ் நிற்கிற இடம் வரை தனியாக நடந்தார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவரின் வேட்டியில் சிவப்பு ஒட்டியது. அவரும் ஏசினார்.

அடுத்த வருடம் அம்பயரைத் தேடுவதில் குத்தாலிங்கம் ஒரு மாதம் அலைந்தார். திருநெல்வேலிக்காரர் வர மறுத்துவிட்டார். அம்பாசமுத்திரத்தில் ஒருவரைப் பிடித்தார். அவர் மேலகரத்தில் பெண் எடுத்தவர் என்று கடையநல்லூர் ஒத்துக்கொள்ளவில்லை. புளியங்குடியில் ஒருவர் அகப்பட்டார். அவர் கடையநல்லூர் சந்தைக்குப் போகிறவர் என்று மேலகரம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மசூதின் கடைக்கு வந்தார்.

"உம்மப் பத்தி ரெண்டு ஊர்லயும் எழுதிக் கேட்டேன்" என்று சொல்லி இரண்டு காகிதங்களை மிஷின் மேல் வைத்தார்.

மேலகரத்தின் காகிதத்தில், மசூது கண் தெரியாதவர், எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை என்றிருந்தது. கடையநல்லூரின் காகிதத்தில், மசூது சொன்ன வார்த்தையில் நிற்காதவர், எங்களுக்கும் நம்பிக்கை இல்லை என்றிருந்தது.

"இத எதுக்கு எங்கிட்ட காட்டுதீரு?"

"ரெண்டு ஊரும் ஒண்ணு போலச் சொல்லுதது இந்த ஒரு விசயத்துலதான். யாரு பக்கத்து ஆளுன்னு உம்ம யாரும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்துரும். சட்ட கிட்ட ஒண்ணும் வேண்டாம். வெறும் உடம்போட ஆடட்டும்."

மசூது காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜைனப் இரண்டையும் படித்துவிட்டு, "இதுக்கா சிரிச்சிக்கிட்டு வாரிய?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் சாரல் இருந்தது. முதல் பாட்டு காஜாவுடையது. மசூது இந்த முறை ஓரத்தில் நிற்கவில்லை. கோட்டின் மேலேயே நின்று, அவன் கை போகும் இடமெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். காஜா திரும்பி வந்து இரண்டு விரலைக் காட்டினான்.

"ஒருத்தரத்தான் தொட்டிருக்கான்" என்றார் மசூது. "சுடலைமாடன். எடது தோள்."

"ரெண்டு பேரு வே, கண்ணு எங்க இருக்கு" என்று கடையநல்லூர்ப் பக்கம் குரல் எழுந்தது. "ஒருத்தரும் இல்ல வே, தொடவே இல்ல" என்று மேலகரத்துப் பக்கம் எழுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஏசினார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. மசூது முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்கு விசிலை ஊதினார்.