வடைச் சட்டியில் கிடைத்த வேலை

எனக்கு வயது அறுபத்திரண்டு. வளர்த்தது ஏழு பிள்ளைகள். இந்தத் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போனேன் – பென்ஷனும் நிற்கவில்லை! எப்படி என்கிறீர்களா? ஆறுதலாகச் சொல்கிறேன்.

கோல்டிங் என்ற டேனிஷ் நகரத்தில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்தவள் நான். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி நின்று வேலை செய்ய முடியாது என்று கொமுன, அதுதான் இங்கத்தைய நகரசபை, பென்ஷன் தந்தது. நல்ல சனம். ஆனால் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சீவியமா?

முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவ ஆள் தேவையாம். இருந்தபடியே செய்யலாம். எனக்கு மனம் துள்ளியது. மகன் விடவில்லை.

"வேலையெண்டு வாயைத் திறந்தா பென்ஷனை வெட்டிப்போடுவாங்கள், அம்மா!"

போன மாதம் கொமுனவிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். மருமகள் என்னைக் கட்டிலில் கிடத்திக் கழுத்துவரை போர்த்தினாள்.

"மாமி, நல்லா முனகுங்கோ!"

முனகினேன். ஆனால் காது சும்மா இருக்குமா? வந்தவளுக்கு வெறும் கோப்பி மட்டும் போகிறது. வீடு தேடி வந்த மனுஷிக்கு வெறும் கோப்பியா? என் வீட்டிலா?

எழும்பிவிட்டேன். அடுப்படியில் உயர ஸ்டூலைப் போட்டு இருந்து, அரைத்து வைத்திருந்த உளுந்தில் வடை சுட்டேன். மருமகள் தலையில் கை வைத்தாள்.

"போச்சு... எல்லாம் போச்சு!"

அவளுக்குப் பின்னால் கொமுனப் பெண். ஒரு வடையைக் கடித்தபடி என்னையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"தம்பி, அந்த உருளைக்கிழங்கு வேலையைப் பற்றிக் கேளடா."

மகன் வியர்த்து வியர்த்து டேனிஷில் கேட்டான். அவள் சிரித்தாளே! கொஞ்ச மணித்தியாலம் வேலை செய்யலாமாம். அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்தால் போதுமாம். பென்ஷன் அப்படியே இருக்குமாம்!

அரசாங்கத்து ஆளைக் கண்டால் ஒளிக்கப் பழகி வந்த சனம் நாங்கள். கேட்டாலும் கிடைக்கும் என்று யார் கண்டது?

திங்கட்கிழமை பின்னேரம் மகன் கேட்டான்.

"இடுப்பு நோகுதோ, அம்மா?"

"ஓம். வேலை செய்த நோவு... உனக்கென்ன?"

என் எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதியது பேத்தி.

பிள்ளை, எங்கே, ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு – நான் வேலைக்குப் போற மனுஷியெல்லே!