அப்பாவின் வயது

தந்தையின் வயது மகனுடையதைப் போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு மடங்காகிவிடும். வாத்தியார் கொடுத்த இந்தக் கணக்கில் மகனுக்குப் பன்னிரண்டு, தந்தைக்கு முப்பத்தாறு என்று விடை வந்தது. எனக்கும் பன்னிரண்டு வயதுதான். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து அறைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அவருக்குத் தன் வயது தெரியாது. கீழ்மலையில் தேயிலைக் கன்று நட்ட வருஷம் பிறந்தவர்; அது எந்த வருஷம் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப முப்பத்தாறுன்னே வச்சுக்குவோம்" என்று சிரித்தார்.

அந்த வருஷமே தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை விசாரணை வந்தது; அப்பாவோடு நானும் போனேன். வயதைக் கேட்டதும், "முப்பத்தாறுங்க" என்றார் நிமிர்ந்து. அத்தாட்சி எங்கே என்றார் அதிகாரி. லயத்தில் பிறந்தவனுக்கு யார் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்?

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா நகரவில்லை. என்னை முன்னால் தள்ளினார்.

"அந்தக் கணக்க ஐயாவுக்குப் போட்டுக் காட்டுய்யா."