ஹார்லன் வெல்ஸில் மூன்று நிமிடம்

வசந்தாமணி பிளசன்டனில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தாள். போன் எடுப்பது, அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, இன்ஷூரன்ஸ்காரர்களிடம் மல்லுக்கட்டுவது என்று நாள் ஓடும். கோபிசெட்டிபாளையத்தில் பி.காம். முடித்த கையோடு மயில்சாமியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவள். மயில்சாமி மலைக்கு அந்தப் பக்கம் சன்னிவேலில் எஞ்சினியர். காலையில் இருட்டோடு கிளம்பிப்போய், ஃப்ரீவே நெரிசலில் ஊர்ந்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவார். அவர்களுக்குக் கவின் ஒரே பையன்.

கவின் தெற்கே ரிவர்சைடில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். அங்கே பிளசன்டனை அடுத்த ஃப்ரீமான்ட் ஊர்ப் பையன் சபரி அவனுக்கு ரூம்மேட். இரண்டு பேரும் ஆளுக்கொரு பழைய டர்ட் பைக் வாங்கி, வார இறுதிகளில் ஹார்லன் வெல்ஸ் என்ற சின்ன ஊரை ஒட்டிய பாலைவனத்தில் ஓட்டினார்கள். அது அரசாங்க நிலம். மண்ணிலும் மேட்டிலும் பைக்கும் ஜீப்பும் போய்ப் போய் உண்டான தடங்கள்தான் அங்கே பாதை. பைக் வாங்கியதைக் கவின் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

தொண்ணூற்றேழாம் வருடம் செப்டம்பரில் அந்தப் பக்கம் பெரிய மழை அடித்தது. மேடு ஏறி நேராக இறங்கும் ஒரு தடத்தை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் லீவில் கவின் அந்த மேட்டைத் தாண்டினான். அந்தப் பக்கம் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. பின்னால் வந்த சபரி மேட்டு உச்சியில் பைக்கை நிறுத்திவிட்டான். ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“பைக் வாங்குனது உனக்குத் தெரியுமில்ல,” என்று மயில்சாமி ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கவின் பெயரையும் சொல்லவில்லை.

வசந்தாமணி சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். போனில் அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. லிவர்மோர் கோயிலில் தெரிந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் தங்கள் உதட்டைத் தாங்களே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று அவர்களிடம் சொல்லி அனுப்புவாள்.

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் டாரத்தி என்ற ஒரு வயதான அம்மாள் போன் செய்தாள். ரிட்டயர்டு டீச்சர். பாலைவனத்தைக் காப்பாற்ற ஒரு குழு வைத்திருந்தாள். ஹார்லன் வெல்ஸ் நிலத்தில் வண்டிகளை விடுவதா வேண்டாமா என்று அரசாங்கம் முடிவு செய்யப்போகிறது, அதற்கு முன்னால் பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள் என்றாள். யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். சக்கரத்தடியில் பாலைவன ஆமைகள் சாவதையும் செடிகள் அழிவதையும் பற்றித் தாங்கள் பேசப்போவதாகவும், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்து பேசினால் அதற்குத் தனி மதிப்பு இருக்கும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். யோசிக்கிறேன் என்று வசந்தாமணி போனை வைத்தாள்.

அதே வாரத்தில் சபரி கூப்பிட்டான். வழக்கம் போல முக்கால்வாசி ஆங்கிலம். அந்த இடத்தை மூடப் பார்க்கிறார்கள், கவினுக்கு உயிரான இடம், அவன் இருந்தால் மீட்டிங்கில் முதல் ஆளாக நிற்பான், அதனால் ஆன்ட்டி வந்து மூட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றான். அவனிடமும் அவள் யோசிக்கிறேன் என்றுதான் சொன்னாள்.

சாப்பிடும்போது இரண்டையும் மயில்சாமியிடம் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“ரெண்டு கட்சிக்கும் நம்ம பையன் வேணும். நீ எதுக்குப் போற?”

“பேசறதுக்கு இல்லீங்க. நான் அந்த எடத்தப் பார்த்ததே இல்ல. ஒருக்கா பார்க்கோணும்.”

அவர் எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்து, எந்த வழியாகப் போகலாம் என்று மேப்பை விரித்து உட்கார்ந்தார்.

ஐந்தாம் எண் ஃப்ரீவேயில் தெற்கே இறங்கி, பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி, டெஹாச்சபி மலையேறி அந்தப் பக்கம் போனார்கள். வழியில் பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் நிறுத்தினார்கள். ஊர் எல்லையில் சபரி ஒரு ஜீப்போடு காத்திருந்தான். மெலிந்து, தாடி வளர்த்திருந்தான். வாங்க அங்கிள் என்றவன் மயில்சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மேட்டுக்கு இந்தப் பக்கமே ஜீப்பை நிறுத்திவிட்டு நடத்திக் கூட்டிப்போனான். மேலே ஏறியதும், “ஆன்ட்டி, இங்கதான்,” என்றான்.

பள்ளம் அப்படியே இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. சாலையோரத்தில் கேபிள் பதிக்கத் தோண்டிப்போட்ட மாதிரி ஒரு வெட்டு, அடியில் கூழாங்கல், ஓரத்தில் காய்ந்த புதர். வசந்தாமணி சரிவில் கையை ஊன்றி உள்ளே இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வெயில்தான் உறைத்தது. மேலே மயில்சாமியின் நிழல் மட்டும் தெரிந்தது.

அப்போது கீழே சமதரையிலிருந்து ஒரு நாலு சக்கர பைக் வந்து தூரத்திலேயே நின்றது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தார். உள்ளூர்க்காரர். இவர்களைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார். இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள், மேட்டிலிருந்து வந்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, ஒண்ணரை வருஷம் முன்னால் ஒரு காலேஜ் பையன் இங்கே போய்விட்டான் என்றார். தெரிந்தவர்கள் எல்லாரும் வலது பக்கமாகச் சுற்றித்தான் போவோம் என்று கையைக் காட்டினார். உண்மைதான். வலது பக்கம் புதிதாக ஒரு தடம் விழுந்து, மண் இறுகிக்கிடந்தது.

சபரி திரும்பி நின்றுகொண்டான். மயில்சாமி அவருக்கு நன்றி சொன்னார். வசந்தாமணி பள்ளத்துக்குள்ளிருந்தே அவரிடம், தெரியாதவர்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டாள். அவர், நான் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றார்.

அன்று சாயங்காலம் ஹைஸ்கூல் ஜிம்மில் கூட்டம். பாஸ்கெட்பால் வளையத்துக்குக் கீழே மேசை போட்டு, நிலத்தை நிர்வகிக்கும் ஃபெடரல் அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருபுறம் டாரத்தியின் ஆட்கள், மறுபுறம் பைக் ஓட்டுகிறவர்கள், பிள்ளைகுட்டிகளோடு. வசந்தாமணியும் மயில்சாமியும் நடுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வாசலில் இருந்த பெண் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது வசந்தாமணி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒவ்வொருவராக மைக்குக்குப் போனார்கள். ஆமை முட்டை பற்றி ஒருவர், தன் அப்பா தனக்கு வண்டி ஓட்டப் பழக்கிய மணல்மேடு பற்றி ஒருவர், வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊரைப் பூட்டுகிறீர்கள் என்று ஒருவர். மேசை மேல் நேரத்தைக் காட்டும் ஒரு விளக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறியது. சிவப்பு வந்ததும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் பார்த்த உள்ளூர்க்காரரும் பேசினார், மூடக்கூடாது என்று.

வசந்தாமணியின் பெயரை மேசையிலிருந்த ஓர் அதிகாரி அம்மாள் தட்டுத்தடுமாறி வாசித்தாள். வசந்தாமணி எழுந்து போய், கிளினிக் போனில் பேசுகிற அதே குரலில், ஆங்கிலத்தில் பேசினாள். என் பையன் இங்கே பைக் ஓட்டி இறந்துபோனான். அவனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். மேட்டுக்குப் பின்னால் பள்ளம் இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்கள் வலது பக்கமாகப் போகிறார்கள். தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு போர்டு கூட இல்லை. நீங்கள் மூடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண நாளாகும் என்கிறார்கள். அதுவரைக்கும் ஒரு போர்டு வையுங்கள்.

அவ்வளவுதான். விளக்கு பச்சையிலேயே இருந்தது. அதிகாரி அம்மாள் மெதுவாக, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். பிறகு, பதிவுக்காகக் கேட்கிறேன், மூடுவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்றாள்.

“எனக்குத் தெரியவில்லை,” என்றாள் வசந்தாமணி.

உள்ளூர்க்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பார்க்கிங்கில் டாரத்தி வந்து அவளை அணைத்துக்கொண்டாள். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. சபரி ஜீப்பில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். மயில்சாமி காரைத் திறந்தவர், திரும்பி அவனிடம் போனார்.

“சாப்டியாப்பா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

“வா. எங்கயாச்சும் சாப்பிடலாம். கவினுக்கு இந்த ஊர்ல எந்தக் கடை பிடிக்கும்?”

வசந்தாமணி அதைக் கேட்டாள். அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததைக் கேட்டும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

முடிவு வர இரண்டாயிரத்தொன்று ஆகிவிட்டது. தபாலில் ஒரு தடித்த புத்தகம் வந்தது. தெற்குப் பாதி மூடப்படும், வடக்குப் பாதியில் குறித்த தடங்களில் மட்டும் வண்டி விடலாம் என்று இருந்தது. கவின் விழுந்த தடம் வடக்கில் இருந்தது. யார் யார் என்ன சொன்னார்கள், அதற்கு என்ன பதில் என்று பின்பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவள் பேசியதை ஒரே வரியில் சுருக்கி, கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது, எச்சரிக்கைப் பலகைகள் அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது. டாரத்தியின் குழு அப்பீலுக்குப் போனது. பைக் ஓட்டுகிறவர்களும் போனார்கள். பள்ளத்துக்கு முன்னால் மண்ணிற பிளாஸ்டிக் கம்பம் ஒன்று அம்புக்குறியோடு நட்டிருக்கிறார்கள் என்று அந்தக் கோடையில் சபரி போட்டோ அனுப்பினான். அவள் பார்த்துவிட்டு, தேங்க்ஸ்பா என்று பதில் போட்டாள்.

இதற்கிடையில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பிளசன்டனில் சிட்டி கவுன்சில் கூடுகிற நாட்களில், வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். டிராஃபிக் சிக்னல், கோல்ஃப் மைதானம், பக்கத்து வீட்டு மரம் என்று எதையாவது பற்றி யாராவது எழுந்து பேசுவார்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்று மேசையிலிருந்து கேட்பார்கள். அவர்கள் சொல்லும் பெயரை ஒருத்தி உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது வசந்தாமணிக்குப் போதுமாக இருந்தது. அவள் ஒரு நாளும் எழுந்து பேசவில்லை.

முதலில் இதை மயில்சாமியிடம் சொல்லவில்லை. தெரிந்த பிறகு அவர், அங்க அப்பிடி என்னதான் இருக்குது என்று ஒருமுறை கேட்டார். ஒண்ணுமில்லீங்க, சும்மா என்றாள். அடுத்த கூட்டத்துக்கு அவரும் சன்னிவேலிலிருந்து நேரே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மெஷின் சத்தத்தைப் பற்றி ஒருவர் புகார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். அவர் தலை தன் தோளில் சரிந்ததும், வசந்தாமணி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.