தையல் வெளியே இருந்த தொப்பிகள்

இருபத்திரண்டு வருஷம் அவர் பார்த்த வேலை குறை கண்டுபிடிப்பது. பனியன் கம்பெனியில் தைத்து முடித்த சட்டையெல்லாம் கடைசியாக வந்து குவியும் மேஜைக்கு முன்னால், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக விரித்துத் தோள், கழுத்து, கை, அடி ஓரம் என்று கண்ணை ஓட்டுவார். தையல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை இருந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே தூக்கிப் போட்டுவிடுவார். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. முதலாளியிலிருந்து பிசிறு வெட்டும் பெண்கள் வரை எல்லாருக்கும் அவர் 'செக்கிங் அக்கா'தான்.

வீட்டிலும் அந்தக் கண் ஓய்வெடுக்காது. "என்னையே ரெண்டு தடவை ரிஜெக்ட் பண்ணினா. வேற பீஸ் வரலைன்னுதான் எடுத்துக்கிட்டா" என்பார் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவருடைய கணவர். மருமகள் இன்னும் ஒரு படி மேலே போவாள். "அத்தை கையில பிறந்த குழந்தையைக் குடுத்தாக்கூட, திருப்பிப் போட்டு ஓரத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

கம்பெனி மூடியபோது அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. முதல் மாதம் வீட்டிலிருந்த திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தார். இரண்டாவது மாதம் பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்து வீட்டில் இருந்த பள்ளி வேன் டிரைவரின் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை சும்மாதானேக்கா இருப்பீங்க, என்கூட வாங்க" என்று கூட்டிப்போனார்.

போன இடம் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே ஜெராக்ஸ் மெஷினின் சத்தம் கேட்கும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே ஏழெட்டுப் பேர் கூடி, பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மையும் தொப்பியும் தைத்தார்கள். ஆரம்பித்து வைத்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர். வேன்காரர் மனைவி பொம்மைகளுக்குப் பஞ்சு அடைப்பார். ஒரு பல் டாக்டரும் வருவார். பொம்மைக்கு வாய் தைக்கும் வேலையை மட்டும் அவர் யாரையும் தொடவிடமாட்டார். ஜன்னலோரத்தில் கோர்ட்டில் டைப் அடிக்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். நாற்பது வயதுதான் இருக்கும். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். வந்ததும் பனியன் துணியை மடியில் போட்டுக்கொண்டு கையாலேயே தொப்பி தைப்பார், ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுவார். எல்லாரும் அவரை டைப்பிஸ்ட்டம்மா என்று அழைத்தார்கள்.

அக்கா முதல் நாளே ஒரு முயல் பொம்மையைக் கையில் எடுத்து, "ஒரு காது அரை இஞ்ச் கூட இருக்கே" என்றார்.

"முயல் ஏதோ கேட்டுட்டு இருக்குன்னு நினைச்சுக்குங்க" என்றார் டீச்சர்.

அக்கா நினைத்துக்கொள்ளவில்லை. பிரித்தார். அடுத்த வாரம் இரண்டு பொம்மைகளைப் பிரித்தார். குழந்தைகளுக்குப் போகிறது, அதுவும் உடம்பு முடியாத குழந்தைகளுக்கு. ஏனோதானோ என்று இருக்கலாமா என்பது அவர் நியாயம். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. வேன்காரர் மனைவி மட்டும், "அக்கா மாடி ஏறுறதுக்குள்ள மூட்டையைக் கட்டிடுங்க" என்று மற்றவர்களிடம் கிசுகிசுப்பார்.

டைப்பிஸ்ட்டம்மாவின் தொப்பிகள் அக்காவின் கண்ணில் பட்டது ஒரு மாதம் கழித்து. பதினான்கு தொப்பிகள். தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே மறைந்திருக்க வேண்டிய தையல் ஓரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஒன்றில் இருந்தால் கைதவறியது எனலாம், பதினான்கிலும் அப்படித்தான். பாவம், தைக்கவே தெரியாது போலிருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை என்று அக்கா நினைத்தார். அந்த அம்மா அன்று சீக்கிரம் போயிருந்தார். அக்கா பையோடு தொப்பிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

நான்கு மதியங்கள் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, துணியைத் திருப்பி, மிஷினில் நூல் பிடித்த மாதிரி நேராகத் தைத்தார். தையல் ஓரத்தை உள்ளே தள்ளி இரண்டு ஓட்டு ஓட்டி அழுத்தினார். தேய்த்து மடித்து வைத்தபோது கடையில் வாங்கியது போலவே இருந்தது. கணவரே எடுத்துப் பார்த்து, "இதுக்குக் குறை சொல்ல இன்னொரு செக்கிங் அக்கா பிறந்துதான் வரணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை டைப்பிஸ்ட்டம்மா அந்த அடுக்கிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த இரண்டு வாரமும் அவர் வரவில்லை.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பை திரும்பி வந்தது.

டீச்சர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "தொப்பி ஒத்துக்கலையாம். வேற தரச் சொல்றாங்க."

"என் பீஸ் திரும்பி வந்ததே கிடையாது" என்றார் அக்கா. "என்ன குறைன்னு நான் நேர்ல பார்க்கணும்."

இரண்டு பேரும் போனார்கள். ஆறாவது மாடி. செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் மாட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். நீளமான வார்டு. சுவரில் ஒட்டியிருந்த மீன் படங்களை எட்டும் உயரம் வரை யாரோ நகத்தால் உரித்திருந்தார்கள். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை குழந்தைகள் இருக்கிற இடத்தில் இப்படியும் அமைதி இருக்குமா என்று அக்கா கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

வார்டு சிஸ்டர் ஒரு கட்டிலுக்கு அழைத்துப் போனார். ஆறு வயதுச் சிறுமி. தலையில் ஒரு முடி இல்லை. காதுக்கு மேலிருந்து உச்சி வரை சிவப்பாக ஒரு கோடு, சாக்பீஸால் இழுத்த மாதிரி. ஒரு இடத்தில் தோல் உரிந்து மருந்து தடவியிருந்தது. இரண்டு ஓட்டுத் தையலின் அகலம் அந்தக் கோட்டில் அப்படியே தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அக்காவுக்குத் தெரிந்தது.

"அந்தத் தொப்பி கடிக்குது" என்றாள் சிறுமி. "படுத்தா ரொம்பக் கடிக்குது."

சிஸ்டர் தாழ்ந்த குரலில் விளக்கினார். "மருந்து ஏறினா முடி மட்டும் போறதில்லைங்க, தோலும் வெங்காயத் தோல் மாதிரி ஆயிடும். நாள் பூரா படுத்தே இருக்காங்க, கீழ ஒரு நூல் இருந்தாலும் அழுத்தும். புண்ணாச்சுன்னா அதுல கிருமி ஏறிடும், அதான் பயம். முன்னாடி வந்த தொப்பியில தையல் வெளியில இருக்கும், உள்ள வழவழன்னு இருக்கும். இந்தத் தடவை யார் மாத்துனது?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "நான்தான்."

சிஸ்டர் கோபப்படவில்லை. "தெரியாமத்தானே" என்றார். "எங்களுக்கே ஒரு பையன்தான் காட்டிக் குடுத்தான். மூணு வருஷம் முன்னாடி அந்த ஜன்னல் கட்டில்ல இருந்தான். எந்தத் தொப்பி குடுத்தாலும் திருப்பித்தான் போடுவான். அப்புறம் அவங்கம்மாவே தையலை வெளிய வச்சு அவனுக்குத் தைச்சுக் குடுத்தாங்க. கோர்ட்டுல டைப் அடிக்கிறவங்க. ஏழு மாசம் இங்கயே இருந்தாங்க."

பையன் எங்கே என்று அக்கா கேட்கவில்லை. டீச்சருக்கும் அதுவரை தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அன்று வீட்டில் அக்கா சாப்பிடவில்லை. மருமகள் காரணம் கேட்டதற்கு, "இத்தனை வருஷம் வெளிப்பக்கம் மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் அக்கா கோர்ட்டுக்குப் போனார். நகல் பிரிவு என்று எழுதிய அறையில் கட்டுக் கட்டாக ஃபைல்கள் உயிருள்ளவர்களை ஓரம் கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தன. சாப்பாட்டு நேரம் என்பதால் டைப்பிஸ்ட்டம்மா தனியாக இருந்தார். அக்காவைப் பார்த்ததும் டிபன் டப்பாவை மூடிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களை ஒரு வார்த்தை கேக்காம பிரிச்சுட்டேன்" என்றார் அக்கா. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்ற வார்த்தைகள் வரவில்லை. "ஒரு சின்னப் பொண்ணுக்குத் தலை புண்ணாயிடுச்சு. என்னாலதான்."

டைப்பிஸ்ட்டம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கா?"

"ஆறிட்டு வருதுன்னாங்க. நீங்க ஏம்மா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க."

வெளியே யாரோ ஒரு வழக்கின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"சொல்லாதது என் தப்பும்தான்" என்றார் டைப்பிஸ்ட்டம்மா, டப்பாவின் மூடியைப் பார்த்தபடி. "நீங்க பிரிச்சீங்கன்னு எனக்குக் கோவம் வரலைக்கா. அவ்வளவு நேரா இருந்துச்சு. இப்படி அழகா ஒண்ணு அவனுக்குத் தைச்சுக் குடுக்க எனக்குக் கை வரலையேன்னு இருந்துச்சு. அதான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

அக்கா அவர் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, பிடிக்காமலே உட்கார்ந்திருந்தார். மணி இரண்டடித்ததும் ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். "சனிக்கிழமை வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரே ஒரு தொப்பியோடு மல்லுக்கட்டினார். தையலை வெளியே வைத்து, அதன் மேல் மெல்லிய துணிப் பட்டி ஒன்றை வைத்து மூடினார். பட்டியின் தையல் உள்ளே தட்டுப்பட்டது. பிரித்தார். பட்டியைக் கையால் மேலோட்டமாகக் கோத்துப் பார்த்தார். முடிச்சு உள்ளே உறுத்தியது. முடிச்சையும் வெளியே கொண்டுவந்தார். கண்ணால் பார்த்தால் போதாது என்று, உள்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கணவர் சவரம் செய்துவிட்டு வந்தால் போதும், "இங்க வாங்க" என்று பிடித்து அவர் தாடையிலும் ஒரு முறை தேய்ப்பார். அவரும் பட்டறையில் அரை மில்லி பார்க்கிற மனிதர். கண்ணை மூடிக்கொண்டு, "இடது பக்கம் ஏதோ இருக்கு" என்பார். இருக்கும்.

சனிக்கிழமை டைப்பிஸ்ட்டம்மா வந்தார். அக்கா தொப்பியை அவரிடம் கொடுத்து, எல்லார் முன்னாலும், "நீங்க பார்த்து ஓகே சொன்னாத்தான் இது போகும்" என்றார். அந்த அம்மா உள்ளே விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து அந்த மாடியில் தொப்பி தைப்பது அக்கா, தடவிப் பார்த்து அனுப்புவது டைப்பிஸ்ட்டம்மா. சில நாள் திருப்பியும் கொடுப்பார். அக்கா வாயைத் திறக்காமல் வாங்கிப் பிரிப்பதைப் பார்க்க, வேன்காரர் மனைவிக்குப் பஞ்சு அடைப்பது மறந்துபோகும்.

முதல் தொப்பியை அக்கா அந்தச் சிறுமிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். போட்டுக்கொண்டு, தலையணையில் இப்படியும் அப்படியும் உருண்டு பார்த்துவிட்டு, "கடிக்கலை" என்றாள். அடுத்த மாதம் அவளை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்பது வார்டில் யாருக்கும் தெரியவில்லை. தன் கையைக் கடந்து போன லட்சக்கணக்கான சட்டைகளை யார் உடுத்தினார்கள் என்று அக்கா ஒரு நாளும் யோசித்தவர் இல்லை. இந்த ஒரு தொப்பி எங்கே போனது என்ற நினைப்பு மட்டும், பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் திடீரென்று வந்து நின்றது. சிஸ்டரிடம் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை தொப்பிகளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார்கள். டைப்பிஸ்ட்டம்மாவும் கூட வந்தார். முதல் தடவை லிஃப்ட் வரை வந்தார். கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள், மூடியது. "இன்னிக்கு வேண்டாம்க்கா" என்றார். அக்கா பையைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, "வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்" என்று திரும்பினார். இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதமும். அக்கா ஒரு முறைகூட ஏன் என்று கேட்கவில்லை, வாருங்கள் என்று இழுக்கவும் இல்லை. நான்காவது மாதம் கதவு திறந்ததும் அந்த அம்மாவே முன்னால் ஏறிப் பொத்தானை அமுக்கினார்.

சிஸ்டர் அவரை அடையாளம் கண்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஜன்னல் கட்டிலில் இப்போது வேறொரு பையன். செல்போனில் விளையாடிக்கொண்டே நிமிராமல் தொப்பியை வாங்கி மாட்டினான். போன் கேமராவில் முகத்தைப் பார்த்து, "காது மறையுது" என்றான். டைப்பிஸ்ட்டம்மா குனிந்து ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். பையன் மறுபடி விளையாட்டில் இறங்கிவிட்டான்.

கீழே கேன்டீனில் டீ வாங்கி எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"டிரிப்ஸ் பாட்டிலும் சார்ஜ் போடுற பம்ப்பும் மாட்டியிருக்கிற ஸ்டாண்ட் இருக்கில்லக்கா, அதுக்கு அவன் பெரியப்பான்னு பேர் வச்சிருந்தான்" என்றார் டைப்பிஸ்ட்டம்மா திடீரென்று. "எங்க போனாலும் பின்னாடியே வருது, ஒண்ணும் பேச மாட்டேங்குது, பெரியப்பா மாதிரியேன்னு. வார்டு பூரா அந்தப் பேர்தான். ஒரு நாள் நிஜப் பெரியப்பா பார்க்க வந்திருந்தாரு. நர்ஸ் வந்து, பெரியப்பாவைக் கொஞ்சம் அந்த ஓரமா தள்ளி வைங்க, சார்ஜ் போடணும்னு சொல்லிட்டாங்க. அவரு பதறி எந்திரிச்சுச் சுவரோரமாப் போய் நின்னுட்டாரு."

அக்காவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, அவனுக்குக் கணக்கு பிடிக்காது, ஆனால் கட்டில் எண்களை மட்டும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பான் என்று அடுத்ததற்குப் போனார். வருஷக்கணக்காக மற்றவர்கள் பேசியதை டைப் அடித்தவர், அன்று தானே நிறுத்தாமல் பேசினார். இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் ஏறியபோது உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவர் அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா கேட்டுக்கொண்டு வந்தார்.